ஐந்தாம் லயத்தில் அரிசி கொட்டிய பதினெட்டு நாட்கள்

இலங்கை மலையகத்தில், நோர்வூட்டுக்கு மேலே இருக்கும் கீழ்மலைத் தேயிலைத் தோட்டத்தின் ஐந்தாம் லயத்தில், பன்னிரண்டு வீடுகள் ஒட்டி நிற்கும் வரிசையில், 1979ஆம் வருஷம் மாசி மாதத்தில், கதவில் ஒட்டிய ஸ்டிக்கர்களிலிருந்து பதினெட்டு நாட்கள் அரிசி கொட்டியது. விடிகாலையில், கதவுக்கு ஒரு பிடி, நாட்டரிசி. கல் கொஞ்சம் இருந்தது.

ஸ்டிக்கர்கள் அமெரிக்காவிலிருந்து வந்தவை. தோட்டப் பள்ளி அலோசியஸ் மாஸ்டரின் தங்கை டோரீன் அங்கே தாதியாக இருந்தாள். கறுப்பின மக்களின் போராட்ட வரலாற்றைச் சொல்லும் ஸ்டிக்கர்கள் என்று ஒரு கட்டு அனுப்பியிருந்தாள். ஒன்றில் பஸ்ஸில் ஏற மறுத்து ஒரு வருஷத்துக்கு மேல் நடந்தே வேலைக்குப் போனவர்கள், ஒன்றில் ஏழைப் பிள்ளைகளுக்குக் காலைச் சாப்பாடு போட்ட பெண்கள், மிச்சம் பன்னிரண்டிலும் உயர்த்திய கறுப்பு முஷ்டி. மாஸ்டர் அவற்றை வகுப்புச் சுவரில் ஒட்ட நினைத்திருந்தார். அதற்குள் தோட்டத்துப் பதிவிலிருந்து றோசலினின் பேரை வெட்டிவிட்டார்கள்.

பேர் வெட்டினால் வேலையும் போச்சு, குடியிருக்கும் லயத்துக் காம்பராவும் போச்சு. மாதர் சங்கத் தலைவியான றோசலின் செய்த குற்றம், கொழுந்து நிறுக்கும்போது ஏன் இவ்வளவு கழிக்கிறீர்கள் என்று, வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு முத்துலிங்கத்தை எல்லார் முன்னாலும் கேட்டதுதான். மாதம் முடிவதற்குள் நாலு பிள்ளைகளோடு வெளியேறச் சொன்னார்கள். அவள் பேரைத் திரும்பப் பதியும்வரை யாரும் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போவதில்லை, வீட்டுக்கு ஒரு பிடி அரிசி போட்டு இல்லாதவர்களுக்குக் கொடுப்பது என்று பன்னிரண்டு வீடும் முடிவு செய்தன. மாஸ்டரின் மேசையில் முஷ்டியைப் பார்த்த பெண்கள் அதைப் பிடியரிசி என்றே நினைத்து, கேட்டு வாங்கிவந்து கதவுக்கு ஒன்றாக ஒட்டினார்கள். மாஸ்டர் ஓடிவந்து, அந்தக் கையில் அரிசி இல்லை, அது போராட்டச் சின்னம் என்று விளக்கினார்.

"அப்ப அவங்க எல்லாம் பட்டினியாவா மாஸ்டர் போராடுனாங்க? யாராச்சும் ஒரு பிடி போட்டிருப்பாங்கல்ல?" என்று கேட்டாள் றோசலின்.

வேலைக்குப் போகாத ஆறாம் நாள் பானைகள் காலியானபோது அரிசி கொட்டத் தொடங்கியது. அதற்கு ஒரு சட்டம் இருந்தது. தன் கதவில் விழுந்தது தன் அடுப்பில் வேகாது. மூன்று மணிநேரம் கொதித்தாலும் கூழாங்கல்லாகவே கிடக்கும். அடுத்த வீட்டில் போட்டால் உடனே பொங்கிவிடும். தோட்டத்து நிர்வாகியான துரை ஆள் அனுப்பி ஸ்டிக்கர்களைச் சுரண்டச் சொன்னார். கதவு தேய்ந்தது, முஷ்டி தேயவில்லை.

மூன்றாம் காம்பரா பழனியாண்டிக்குத்தான் தாங்கவில்லை. அவன் மனைவி அழகம்மாவுக்குப் பால் வற்றிவிட்டது. கைக்குழந்தை அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தது. அவனைக் கோழை என்று சொல்ல நமக்கு வாய் வரவில்லை. அரிசி கொட்டிய பதினேழாம் நாள் கண்டாக்கு அவனை வழிமறித்தார்.

"நீ ஒருத்தன் பெரட்டுக்கு வந்தாப் போதும், மத்தவனுங்க தானா வருவானுங்க. மாவு, அரிசி எல்லாம் நான் தர்றேன்."

மறுநாள் விடியும்போது, றோசலின் வீட்டுக்குக் கொடுக்கவேண்டிய பிடியைக் கையில் இறுக்கிக்கொண்டு பழனியாண்டி பெரட்டுக் களத்துக்குப் போனான். பதினொரு கதவும் இடுக்கு வழியே பார்த்துக்கொண்டிருந்தன. கண்டாக்கு புத்தகத்தை விரித்து, கைநாட்டு வை என்றார். கை திறக்கவில்லை. விரல்களைப் பிடித்து இழுத்தார்கள், எண்ணெய் தடவினார்கள். இடது கையைக் கேட்டார்கள், அதுவும் மூடிக்கொண்டது. துரை கடிகாரத்தைப் பார்த்தார். மலையில் கொழுந்து முற்றிக்கொண்டிருந்தது.

இரண்டு முஷ்டியோடும் பழனியாண்டி றோசலின் வாசலுக்கு வந்து அழுதான். "அக்கா, கை தொறக்க மாட்டேங்குதுக்கா."

அவள் முறத்தை நீட்டினாள். "இதுல போடு தம்பி." விரல்கள் விரிந்தன. "ஒன் புள்ளைக்குக் கஞ்சி ஆத்தி வச்சிருக்கேன். எடுத்துட்டுப் போ."

அந்த ஒருவனும் கிடைக்கவில்லை என்றானதும், அன்று மாலையே றோசலினின் பேரைத் திரும்பப் பதிந்தார்கள். அரிசி நின்றது. குழந்தை பிழைத்தது. பழனியாண்டியின் கைகள் மட்டும் அதற்குப் பிறகு சாப்பாட்டு வேளையில் சொந்த வீட்டில் திறக்கவே இல்லை. அழகம்மா அவனுடைய சோற்றைத் தட்டில் போட்டு றோசலின் வீட்டுக்கு அனுப்புவாள். அவன் உட்கார்ந்து சாப்பிட றோசலின் இன்னொரு பலகை வாங்கிப் போட்டாள்.