போட்டோவில் இல்லாத ஆட்டக்காரர்

வெண்டல் ப்ரோஹாஸ்கா டியூபாவை உடம்பில் மாட்டிக்கொள்வதற்குள் இரண்டு முறை மூச்சு வாங்க நின்றுவிட்டார். இருபது வயதில் தொப்பி போடுவதுபோல மாட்டிய பித்தளை வாத்தியம். இப்போது மனைவி லோரீன் பின்னாலிருந்து தூக்கிவிட வேண்டியிருந்தது.

"வயித்த உள்ள இழுங்க."

"இழுத்துக்கிட்டுத்தான் நிக்கறேன்."

ஹோம்கமிங் சனிக்கிழமை, பழைய மாணவர்கள் கல்லூரிக்குத் திரும்பி வரும் நாள். ஆட்ட இடைவேளையில் பழைய வாத்தியக்குழுவினர் ஒரு பாட்டு வாசிப்பார்கள். அதற்கு முன்னால், ஐம்பது வருடத்துக்கு முந்தைய ஃபுட்பால் அணியைப் பெயர் சொல்லி மைதானத்துக்குள் அழைப்பார்கள். இந்த வருடம் எழுபத்து நாலாம் வருடத்து அணியின் முறை. வெண்டலுக்கு இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்காததற்கு அதுதான் காரணம்.

வெண்டல் படித்த கார்வின், பெயருக்குத்தான் பல்கலைக்கழகம். மூன்று கட்டடம், ஒரு தேவாலயம், சுற்றிலும் நெப்ராஸ்காவின் சோளக்காடு. ஆனால் அமெரிக்க ஃபுட்பாலை நூறு வருடமாக விடாமல் ஆடிவருகிறார்கள். முதல் மைதானத்தைப் போதகர்களே கோவேறு கழுதை பூட்டிச் சமப்படுத்தினார்கள். உலக யுத்தத்தின்போது, ராணுவம் வேண்டாமென்று திருப்பி அனுப்பிய கிட்டப்பார்வைக்காரர்களை வைத்துக்கூட ஒப்பேற்றினார்கள். நின்றுபோக இருந்தது எழுபத்து நாலில் மட்டும்தான். பயிற்சியாளர் பெரிய கல்லூரிக்குத் தாவினார், போகும்போது நல்ல ஆட்டக்காரர்களையும் கிளப்பிக்கொண்டு போனார். மிச்சமிருந்தவர்களில் பாதிப்பேருக்கு அடி. பதினோரு பேர் இறங்க வேண்டிய ஆட்டத்துக்கு, அக்டோபரில் நிற்கக்கூடியவர்கள் பத்துப் பேர். ஒரு ஆட்டத்தை விட்டுக்கொடுத்தாலும் ஃபுட்பாலையே மூடிவிடுவோம் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது.

கேப்டன் டுவேன் ஆஸ்ட்ராண்டர் வாத்தியக்குழு ஒத்திகைக்குள் நுழைந்து, சுற்றிப் பார்த்து, இருப்பதிலேயே பருமனான பையன் முன்னால் நின்றான். ஆடத் தெரியுமா என்று கேட்கவில்லை. "எவ்வளவு எடைடா நீ?" என்றுதான் கேட்டான்.

வெண்டல் முன்வரிசையில் இடப்பக்கம் நின்றான், எதிராளிகளிடம் மிதிபட்டான். இடைவேளையில் மற்றவர்கள் உள்ளே போய்ப் புதுப் பயிற்சியாளரிடம் திட்டு வாங்கிக்கொண்டு ஆரஞ்சுச் சுளை தின்பார்கள். அவன் சேறும் தோள்கவசமுமாக ஓடிப்போய் டியூபா வாசிப்பான். ஒருநாளும் அவர்களோடு உட்கார்ந்ததில்லை. எல்லா ஆட்டமும் தோல்வி, ஆனால் ஒன்றையும் விட்டுக்கொடுக்கவில்லை. அணியின் போட்டோவை ஆகஸ்டிலேயே எடுத்துவிட்டார்கள். அதனால் ஜிம் சுவரில் வெண்டல் இல்லை. இந்த முறை அழைப்பும் வரவில்லை.

"வருத்தமா இருக்கா?" என்று லோரீன் காலையில் கேட்டாள்.

"நான் எங்க ஆடினேன்? இடத்த அடைச்சுக்கிட்டு நின்னேன்."

ஐம்பது வருடமாகச் சொல்லிவரும் பதில். சொல்லிச் சொல்லி அவருக்கே பாதி நம்பிக்கை வந்துவிட்டது. மீதிப் பாதி இப்போது மைதானத்தின் மூலையில், வாத்தியக்குழுவோடு, ஒலிபெருக்கியைக் கவனித்துக்கொண்டிருந்தது.

குடும்பப் பெயரை வைத்து, ஆங்கில அகரவரிசையில் அழைத்தார்கள். ஒவ்வொரு கிழவராக நடந்து வந்தார்கள். ஒருவர் கைத்தடியோடு, ஒருவர் மகளின் தோளைப் பிடித்தபடி. "டுவேன் ஆஸ்ட்ராண்டர்!" கைதட்டல். ‘ஓ’ முடிந்தது, அடுத்து ‘பி’, தன் பெயர்தான். வெண்டல் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"கேரி ஷுல்ட்ஸ்!"

அவமானம் முகத்தில் சூடாக ஏறியது. சட்டென்று டியூபாவின் பித்தளையைத் துடைக்க ஆரம்பித்தார்.

கிழவர்கள் போட்டோவுக்கு வரிசை கட்டினார்கள். செத்துப்போனவர்களின் இடங்களை நெருங்கி நின்று அடைத்துவிட்டார்கள். இடப்பக்கம் ஒரு இடத்தை மட்டும் அடைக்கவில்லை. போட்டோக்காரர் நெருங்கச் சொல்லிக் கைகாட்டினார். டுவேன் அவரைச் சட்டை செய்யாமல் மூலையைப் பார்த்துக் கத்தினார்.

"டேய் ப்ரோஹாஸ்கா! அங்க என்னடா புடுங்கற? லைன்ல ஆள் கொறையுது!"

"என் பேரக் கூப்பிடலயே!"

"இப்ப யாருடா கூப்பிடறது, உங்க தாத்தாவா?"

வாத்தியக்குழுவை நடத்தும் இளம்பெண் பதறினாள். "சார், அடுத்தது நாமதான். டியூபாவுக்கு வேற ஆளில்ல."

"அப்பவும் இதே தொல்லைதாம்மா" என்று சொல்லிவிட்டு வெண்டல் நடந்தார். கழற்றத் தோன்றவில்லை. டியூபாவோடு அந்த இடத்துக்குள் நுழைந்தபோது இருபுறமும் கிழவர்கள் முனகிக்கொண்டே விலகினார்கள். கைத்தடிக்காரர் வெண்டலின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

மூலையில் வாத்தியக்குழு ஆரம்பித்துவிட்டது. அடிநாதமே இல்லாமல் பாட்டு மெலிந்து கேட்டது. டியூபா வாய்க்கு நேராகத்தான் இருந்தது. இந்த இடைவேளையில் வெண்டல் ஊதவில்லை.