ரஸேமா குறை சொல்லாத காப்பி

கணவன் ஹம்தியா போட்ட காப்பியை ரஸேமா ஒரு நாளும் நல்லாயிருக்கென்று சொன்னதில்லை. த்ராவ்னிக் ஊரில் பாதிப் பேருக்கு அது தெரியும். "நுரையைக் காணோமே, வழியில குடிச்சிட்டியா மனுஷா?" என்பாள். ஆனாலும் கண் விழித்ததும் அவன் கையால் ஒரு கிண்ணம் வந்தாக வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அதுதான் வழக்கம். தைராய்டு மாத்திரை வந்த பிறகு அதையும் அதே தட்டில் வைத்து நீட்டினான். மறக்காமல் கொடுக்கிறோம் என்று அவனுக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை வேறு.

அப்படிப்பட்டவள் போன குளிர்காலத்தில் வாயடைத்துப் போனாள். அடுப்புப் பக்கத்திலேயே போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பக்கத்து வீட்டுக்காரியின் பெயர் மறந்தது. கீரை வைத்துச் சுருட்டிய பூரெக் ரொட்டியை அடுப்பில் வைத்துவிட்டு அதையும் மறந்தாள். ஹம்தியா வேண்டுமென்றே காப்பியைத் தண்ணியாகப் போட்டுக் கொடுத்துப் பார்த்தான். பேசாமல் குடித்து வைத்தாள். அன்றுதான் அவன் நிஜமாகவே பயந்தான்.

மகள் ஸனேலா சரயேவோவிலிருந்து ஒரு முடிவோடு வந்து இறங்கினாள்.

"அப்பா, மறதிக்காரங்களைப் பார்த்துக்கற நல்ல இல்லம் ஒண்ணு எங்க வீட்டுப் பக்கத்துல இருக்கு. வசந்தத்துல இடம் தர்றாங்க. உங்களால தனியா முடியாது."

"என்னை மண்ணுல வச்ச பிறகு கூட்டிட்டுப் போ."

"கோபப்படாதீங்க. இல்லத்துல சேர்க்கறதுக்கு முன்னாடி ஒருதடவை டாக்டர்கிட்ட காட்டிடுவோம்."

டாக்டர் அஸ்ரா த்ராவ்னிக் ஊர்ப் பெண்தான். ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டுப் புருவத்தைச் சுருக்கினாள்.

"ரெண்டு தடவை அளவைக் கூட்டியும் தைராய்டு இவ்வளவு கம்மியா இருக்கே. மாத்திரையை வெறும் வயித்துலதானே தர்றீங்க?"

"வெறும் வயித்துலதாம்மா. காப்பியோட."

டாக்டர் நெற்றியில் கை வைத்துக்கொண்டாள்.

"காப்பி சாப்பாடா என்ன?" என்றான் ஹம்தியா, நியாயம் கேட்கிறவனாக.

"எங்க அம்மாவும் இதைத்தான் சொல்வாங்க. இந்த ஊர்ல காப்பியை யாரு கணக்குல வைக்கறாங்க? ஆனா மாமா, அது மாத்திரையை உடம்புல சேர விடாது. தைராய்டு கொறைஞ்சா வயசானவங்களுக்கு மறதி, மந்தம், குளிர் எல்லாம் வரும். பார்க்கறவங்க புத்தி தடுமாறிடுச்சுன்னு நெனச்சுடுவாங்க."

"அப்போ அம்மா சரியாயிடுவாங்களா?" என்றாள் ஸனேலா.

"சத்தியம் பண்ண மாட்டேன். வேற காரணமும் இருக்கலாம். இனிமே மாத்திரைக்குத் தண்ணி மட்டும். ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் காப்பி. இனி மாத்திரை முழுசா ஏறும், அதனால அளவையும் குறைக்கறேன். இந்த வயசுல அது அதிகமானா நெஞ்சு படபடக்கும், எலும்பு தேயும். ஒன்றரை மாசம் கழிச்சு ரத்தம் பார்ப்போம்."

"அதுவரைக்கும் இல்லத்துக்கு எதுவும் சொல்லலப்பா," என்றாள் ஸனேலா.

வீடு திரும்பும் வழியெல்லாம் ஹம்தியா தன் வலது கையையே பார்த்துக்கொண்டு வந்தான். அவ்வளவு ஆசையாய் நீட்டிய கை, அவளை இத்தனை நாளாய்க் கொஞ்சம் கொஞ்சமாகத் தன்னிடமிருந்து தள்ளிக்கொண்டிருந்ததே என்று அவனுக்கு ஆறவேயில்லை.

மறுநாளிலிருந்து தட்டில் மாத்திரையும் தண்ணீரும்தான். ஒரு மணி நேரம் அவளுக்கில்லாத காப்பி தனக்கெதற்கென்று அவனும் குடிக்கவில்லை. அந்த ஒரு மணி நேரமும் அவள் கட்டிலோரம் உட்கார்ந்து ஊர் வம்பெல்லாம் பேசுவான். அவள் கேட்கிறாளா என்றே தெரியாது. வாரங்கள் போயின. முதலில் போர்வை இறங்கியது. பிறகு பக்கத்து வீட்டுக்காரியின் பெயர் வந்தது, கூடவே அவளைப் பற்றிய ஒரு புகாரும் வந்தது. ஹம்தியா நம்பப் பயந்து யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு நாள் காலை, காத்திருந்த நேரம் முடிந்து காப்பியை நீட்டினான். ரஸேமா ஒரு வாய் குடித்தாள். கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தாள்.

"ஏன்யா, இது காப்பியா, பாத்திரம் கழுவின தண்ணியா? ஒரு மணி நேரம் காக்க வச்சு இதைத்தான் குடுக்கறியா?"

ஹம்தியாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. தடுமாறிக்கொண்டே போனை எடுத்து மகளைக் கூப்பிட்டான்.

"உங்கம்மா என்னைத் திட்டறாம்மா. கேளு." போனை அவள் வாய்ப்பக்கம் பிடித்தான்.

"யாருகிட்ட கோள் சொல்ற? சர்க்கரை எங்க?" என்றாள் ரஸேமா.

போனில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"அப்பா," என்றாள் ஸனேலா, "இன்னொரு தடவை திட்டச் சொல்லுங்க."