கண்ணாடிக்காரரின் முழங்கால்கள்

அந்த ஊரில் மாலைப் பிரார்த்தனை மணி அடித்ததும் எல்லாருடைய முழங்கால்களும் தாமாக மடங்கித் தரையைத் தொடத் தொடங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை. அன்று வெங்காயம் விலை கொஞ்சம் இறங்கியிருந்ததால் கடைவீதியில் நல்ல கூட்டம். மணியின் முதல் அடி காதில் விழுந்ததும் வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தவர்கள், எடை போட்டவர், பேரம் படியாமல் முறைத்துக்கொண்டு திரும்பியவர்கள் என்று வீதி மொத்தமும் முட்டி போட்டது. மணி ஓய்ந்ததும் எழுந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாருக்கும் வலி இல்லை, மயக்கம் இல்லை. அவசரத்தில் ஒருவர் இன்னொருவருடைய பையைத் தூக்கிக்கொண்டு போனதுதான் அன்றைய நஷ்டம். அதுவும் மறுநாள் திரும்பி வந்துவிட்டது.

ஊர் எதற்கும் பழகிவிடும், இதற்கும் பழகியது. சவரக்கடைக்காரர் மணிக்குச் சற்று முன்பே கத்தியை மடக்கி வைத்துவிட்டு, பாதி முகம் நுரையோடு இருப்பவரிடம் "இறங்கிடலாமா?" என்பார். பேருந்துகள் சாலையோரம் ஒதுங்கின. ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சைகளைக் காலையிலேயே முடித்தார்கள். தையல்காரர்கள் யாரும் கேட்காமலே கால்சட்டை முட்டியில் இரட்டைத் துணி வைத்துத் தைத்தார்கள். இதை நம்பாதவர்கள் அவர்களையே கேட்டுக்கொள்ளலாம். திருடனைத் துரத்திக்கொண்டு ஓடிய போலீஸ்காரர் ஒருவர் நடுத்தெருவில் அவனுக்கு எதிரிலேயே முட்டி போட நேர்ந்தது. மணி ஓயும்வரை அவனுடைய குடும்ப நலம் விசாரித்துவிட்டு, ஓய்ந்ததும் மறுபடி துரத்தினார். பிடிக்க முடியவில்லை. காதில் பஞ்சு அடைத்துப் பார்த்தவர்களும் உண்டு. பஞ்சோடு விழுந்தார்கள்.

பிரார்த்தனைக் கூடத்துத் தலைவருக்குத் தலைகால் புரியவில்லை. அதுவரை பாதிக் கூடம் காலியாகக் கிடக்கும், வருகிறவர்களிலும் பலர் தூணில் சாய்ந்து தூங்குவார்கள். இப்போது ஊரே கூடமாகிவிட்டது. மாலை மணி ஒரு நாளும் தவறக்கூடாது என்று புதுச் சட்டம் போட்டார். "மனசெல்லாம் பின்னாடி வரும்யா. முதல்ல முட்டி வரட்டும்" என்றார். மனசு வந்ததா என்று யாரும் போய்ப் பார்க்கவில்லை. முட்டி போட்டிருந்த நேரத்தில் பெண்கள் அடுப்பில் வைத்ததையும் ஆண்கள் கடையில் விட்டதையும் நினைத்துக்கொண்டிருந்தார்கள் என்பது எல்லாருக்கும் தெரிந்த ரகசியம்.

இது எதனால் வந்தது என்று ஊரில் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். சரியான காரணம் தெரிந்தவர்கள் இரண்டே பேர், மணியடிக்கிற அண்ணனும் அவர் மனைவியும். அண்ணனுக்கு ஒரே தம்பி. அதே தெருக்கோடியில் ஜன்னல் கண்ணாடி, முகம் பார்க்கும் கண்ணாடி, படச்சட்டம் எல்லாம் விற்கும் கடை வைத்திருந்தார். வைர முனையால் ஒரே இழுப்பில் கோடு கிழித்து, மேசை விளிம்பில் வைத்து லேசாக அழுத்தினால் கண்ணாடி அவர் சொன்ன இடத்தில் பிரியும். கூடத்துக்குள் மட்டும் அவர் கால் வைத்ததில்லை. ஆனால் கடையைச் சாத்திவிட்டுத் தினமும் கூடத்து வாசலுக்கு வருவார். அண்ணன் விளக்குகளை அணைத்துவிட்டு வரும்வரை புகைத்துக்கொண்டு நிற்பார். இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டே வீட்டுக்கு நடப்பார்கள். "உள்ள வந்தா உனக்கு என்னடா குறைஞ்சிடும்?" என்பார் அண்ணன். "நான் வெளிய நின்னா சாமிக்கு என்ன குறையுது?" என்பார் தம்பி. இந்த ஒரே சண்டையை வருஷக்கணக்காகப் போட்டார்கள், இரண்டு பேருக்கும் அது பிடித்திருந்தது.

அவர்களுடைய அப்பா சாகும்போது, பிள்ளைகள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் முட்டி போட்டுத் தனக்காகப் பிரார்த்திக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அவர் போன பிறகு கூடத்தில் அவருக்காகப் பிரார்த்தனை வைத்த நாளில் தம்பி முதல் தடவையாகக் கூடத்துக்குள் வந்தார். வந்து நின்றார். அழுதார், ஆனால் நின்றுகொண்டே அழுதார். சொந்தக்காரர்கள் கூடியிருந்த இடத்தில் சித்தப்பா ஒருவர், "அப்பன் பேச்சக்கூட மதிக்காதவன்" என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னார். அண்ணனுக்கு மானம் போய்விட்டது. மறுநாள் மாலை மணிக்கயிற்றைப் பிடித்தபோது, "ஒரே ஒரு தடவை அவன முட்டி போட வை" என்று கேட்டார். பிறகு இழுத்தார். அதுதான் அந்தச் செவ்வாய்க்கிழமை. அவர் கேட்டது ஒருவனுக்கு, ஒரு தடவைக்கு. கிடைத்தது எல்லாருக்கும், எல்லா நாளைக்கும். மேலே கணக்குப் பார்ப்பவர்கள் கொஞ்சம் தாராளமானவர்கள் போலிருக்கிறது.

தம்பி அதற்குப் பிறகு கூடத்து வாசலுக்கு வரவில்லை. ஒரு நாள் பகலில் அண்ணன் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"அண்ணே, நீ இழுக்கறே, நான் விழறேன். இதுல சாமி எங்க வர்றாரு?"

"நான் என் கடமையத்தான்டா செய்யறேன்."

"அடிக்காம இருந்து பாரேன்."

"சட்டம் இருக்கு."

"சட்டமா வந்து கயித்த இழுக்குது?" என்றார் தம்பி. "நான் வராம இருந்தது அவருகிட்ட நான் பேசின ஒரே பேச்சுண்ணே. வேற பேச்சு எனக்குத் தெரியாது. அதையும் புடுங்கிட்டீங்க."

அவர் போன பிறகு அண்ணி கதவைச் சாத்திவிட்டு வந்தாள். அவள் சின்ன வயதிலிருந்து கூடத்துக்குப் போகிறவள். "முன்னாடியெல்லாம் சில நாள் போகவே மனசு வராது. முனகிக்கிட்டே போவேன். போனேன் பாருங்க, அதத்தான் அவருக்குக் குடுப்பேன். இப்ப என்னத்தக் குடுக்கறது? முட்டி என்னைக் கேக்காமயே போயிடுது" என்றாள். அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு மணியடிக்கக் கிளம்பினார்.

தம்பி தினமும் எதிர்த்துப் பார்த்தார். மணி ஆரம்பித்ததும் மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பார். முதல் வருஷம் மற்றவர்களைப் போலவே தொப்பென்று விழுந்தார். பிறகு கொஞ்சம் தாமதமாக. அதற்கும் பிறகு, பாரம் இறக்குகிறவர் போல அங்குலம் அங்குலமாக. கடைசியில் தெரு மொத்தமும் முட்டி போட்டு எழுந்து, தூசியைத் தட்டிக்கொண்டு போன பிறகுதான் அவர் முட்டி தரையைத் தொடும். அந்தத் தெருவில் அப்போது முட்டி போட்டிருப்பவர் அவர் ஒருவராகத்தான் இருப்பார். அதைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் என்ன பக்தி என்று வியந்துவிட்டுப் போனார்கள். ஊரை விட்டுப் போய்விடலாமே என்று சிலர் கேட்டார்கள். "கடை எங்கப்பா வெச்சது. மணிதான் வெளியூர்லேருந்து வந்தது" என்றார்.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லியாக வேண்டும். மாலை நேரத்தில் அந்த ஊரில் தன் இஷ்டப்படி எதையாவது செய்யக்கூடிய ஒரே ஆள் அண்ணன்தான். முதல் அடி விழுந்துவிட்டால் அவரும் கயிற்றைப் பிடித்தபடியே முட்டி போட வேண்டியதுதான். அதற்கு முந்தைய கணம் அவருடையது. இழுக்கலாம், விடலாம். இது அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் வருஷக்கணக்காக இழுத்தார். தலைவருக்குப் பயந்து என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். உண்மையில், விழுந்து விழுந்து ஒரு நாள் தம்பிக்கு மனசும் மடங்கிவிடும் என்ற ஆசை உள்ளே இருந்தது. ஆசை பொல்லாதது அல்ல. அதை நிறைவேற்ற அவர் எடுத்த வழிதான் பொல்லாதது.

பனிக்காலத்தில் சீக்கிரம் இருட்டுகிறது என்று தலைவர் மணியடிக்கும் நேரத்தை முன்னுக்குக் கொண்டுவந்தார். கூடத்தில் அறிவித்தார்கள். கூடத்துக்கு வராதவர்களுக்கு வந்தவர்கள் சொன்னார்கள். "தம்பிக்குச் சொல்லிட்டீங்களா?" என்று அண்ணி இரண்டு தடவை கேட்டாள். "தெருவே பேசுது, அவன் காதுல விழாதா?" என்றார் அண்ணன். பேச்சுவார்த்தை இல்லாத வீட்டுக்கு எப்படிப் போய்ச் சொல்வது என்ற வீம்பு. புது நேரத்தின் முதல் நாள், கயிறு தொங்கும் அறையின் ஜன்னல் வழியாகப் பார்த்தபோது, பள்ளிக்கூடத்து மாடி ஜன்னலில் ஏணி சாய்ந்திருந்தது. ஏணியில் தம்பி, தோளில் பெரிய கண்ணாடி. அண்ணன் பார்த்தார். யாராவது சொல்லியிருப்பார்கள், இதோ இறங்கிவிடுவான் என்று நினைத்தார். தலைவர் கீழேயிருந்து இருமினார். அண்ணன் இழுத்தார்.

பிடித்து நிற்க மேசை விளிம்பு இல்லாமல் ஏணியிலிருந்து விழுந்த தம்பி பிழைத்துக்கொண்டார். வலது முன்கையில் கண்ணாடி ஆழமாக இறங்கியதில் விரல்கள் பிறகு சரியாக மூடவில்லை. இனி வைர முனையைப் பிடித்தால் கோடு நெளியும் என்று டாக்டர் சொல்லும் முன்பே அவருக்குத் தெரிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் அண்ணன் கட்டிலருகே போய் நின்றபோது சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அடுத்த மாலை அண்ணன் கயிற்றைத் தொடாமல் நின்றார். "என்னய்யா, நேரம் ஆகலையா?" என்றார் தலைவர். "ஆயிடுச்சு." "அப்புறம்?" "அடிக்கல." தலைவர் அவரைத் தள்ளிவிட்டுத் தானே இழுத்தார். மணி என்றைக்கும் போலக் கணீரென்று அடித்தது. ஒரு முட்டியும் மடங்கவில்லை. சவரக்கடைக்காரர் கத்தியை வைத்துவிட்டு நின்றார், பேருந்து ஓட்டுநர் இறங்கி நின்றார், தலைவரும் கயிறும் கையுமாக நின்றார். சரி, நாமாகவே போடுவோம் என்று சிலர் முயன்றார்கள். அப்போதுதான் தெரிந்தது. நடக்க முடிந்தது, நாற்காலியில் உட்கார முடிந்தது. தரையைத் தொட மட்டும் முட்டி சம்மதிக்கவில்லை. இத்தனை வருஷம் கேட்காமலே மடங்கியது, இப்போது கேட்டாலும் மடங்கவில்லை. டாக்டர் தட்டிப் பார்த்துவிட்டு எலும்பில் கோளாறு இல்லை என்றார், தனக்கும் இதே கதிதான் என்றார். அண்ணி சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் முயன்றாள். "கொழுந்தனார் கைக்காக முட்டி போடணும்னு இன்னிக்கு நெசமாவே மனசு வந்துச்சுங்க. போக மாட்டேங்குது" என்று சொல்லி அழுதாள். பல வருஷம் கழித்து அவள் மனம் கேட்ட முதல் பிரார்த்தனை அது.

தம்பியின் கட்டு பிரித்த பிறகு அண்ணன் கடைக்குப் போனார். போகிற வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனசுக்குள் சொல்லிக்கொண்டே போனதில் செருப்புப் போட மறந்துவிட்டார்.

"என்ன வேணும்?" என்றார் தம்பி, கண்ணாடி வாங்க வந்தவரைக் கேட்பது போல.

"முட்டி போட வந்தேன்டா."

"அதான் மணிக்கு இப்ப யாரும் போடறதில்லையே."

"மணிக்கு இல்ல. உனக்கு." அண்ணன் எல்லாவற்றையும் சொன்னார். கயிற்றைப் பிடித்துக்கொண்டு கேட்டதைச் சொன்னார். ஜன்னல் வழியாக ஏணியைப் பார்த்ததையும் சொன்னார். ஏணியைப் பற்றிச் சொன்னபோது மட்டும் தம்பி தலை குனிந்துகொண்டார். அண்ணன் மேசையைப் பிடித்துக்கொண்டு உடம்பின் பாரத்தை எல்லாம் முழங்கால் மேல் இறக்கினார். அது அசையவில்லை. மறுபடி முயன்றார். மேசை ஆடியது. அதில் சாய்த்து வைத்திருந்த கண்ணாடி சரிந்து அவர் காலடியில் தூள்தூளாகச் சிதறியது.

"நகராதே. அப்படியே நில்லு" என்றார் தம்பி. மேசையைச் சுற்றி வந்தார். அண்ணன் எதிரில் இரண்டு முட்டியையும் மடக்கித் தரையில் ஊன்றி, வெறுங்காலைச் சுற்றிக் கிடந்த சில்லுகளை இடது கையால் ஒவ்வொன்றாகப் பொறுக்கத் தொடங்கினார். அண்ணனுக்குத் தம்பியின் உச்சந்தலை தெரிந்தது. அங்கே முடி நரைத்துக் கொட்டியிருந்ததை அவர் அன்றுதான் பார்த்தார்.

"உனக்கு மடங்குதாடா?"

"ம்."

"எப்படிடா?"

"தினமும் வேணாம் வேணாம்னு சொல்லிக்கிட்டே இருந்தேன்ல. முட்டிக்கு இன்னும் என் பேச்சு காதுல விழுது."

"என்னை மன்னிச்சிட்டியா?"

"காலத் தூக்காதண்ணே, குத்திடும். அதெல்லாம் அப்புறம்."

அந்த அப்புறம் இன்றுவரை வரவில்லை. ஊர் இதற்கும் பழகிவிட்டது. வீடுகளில் அலமாரியின் கீழ்த்தட்டைக் காலியாக விட்டார்கள், தையல்காரர்கள் இரட்டைத் துணியை நிறுத்தினார்கள். கட்டிலுக்கடியில் ஏதாவது உருண்டு போனால் கண்ணாடிக்காரருக்குத்தான் ஆள் அனுப்புகிறார்கள். மனமிருந்தால் வருகிறார். இல்லாவிட்டால் நாளைக்குப் பார்க்கலாம் என்கிறார், யாரும் கோபித்துக்கொள்வதில்லை. கூடத்தில் மணி அடிக்கிறது, வருகிறவர்கள் குறைவு, வந்தவர்கள் நின்றபடியே பிரார்த்திக்கிறார்கள். எல்லாரும் போன பிறகு அண்ணன் மட்டும் கடைசி வரிசையில் நின்று, தூணைப் பிடித்துக்கொண்டு, முழங்காலிடம் ஒரு தடவை கேட்டுப் பார்க்கிறார். அது கேட்பதில்லை. பிறகு விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறார்.