மூன்று பல் தள்ளி

என் மருமகனுக்குக் கோபமே வராது. இதை மகள் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வாள். எனக்கு அது பெருமையாகப் படவில்லை. எட்டு மாதமாக ஒரே வீட்டில் இருக்கிறேன், மனிதர் ஒரு தடவைகூட என்னிடம் முகம் சுளித்ததில்லை. "நீங்க எதுக்கு அத்தை", "உட்காருங்க அத்தை", "நான் பாத்துக்கறேன் அத்தை". குடித்த டம்ளரைக் கழுவ எடுத்துப் போனால்கூட வழியிலேயே மறித்து வாங்கிவிடுவார். முப்பத்திரண்டு வருடம் தையல் மெஷினோடு மல்லுக்கட்டியவள் நான். முழங்கால் மக்கர் பண்ண ஆரம்பித்ததும் கடையை மூடிவிட்டு மகள் வீட்டுக்கு வந்தேன். வந்த நாள் முதல் விருந்தாளியாகவே இருக்கிறேன். எட்டு மாதம் தங்கிவிட்ட விருந்தாளிக்கு வேறு பெயர் உண்டு. அதை இந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

மருமகன் வேன் ஓட்டுகிறார். ஆஸ்பத்திரி நர்சுகள் பதினான்கு பேரைக் காலையில் கொண்டுபோய் விட்டு, சாயங்காலம் கூட்டி வர வேண்டும். போன வாரம் இன்ஜின் முன்பக்கம் ஆயில் ஒழுக ஆரம்பித்தது. ஒர்க் ஷாப்பில் பத்து நாள் ஆகும் என்று கையை விரித்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் ஒரு வாரத்துக்கு மட்டும் வேறு வேன் ஏற்பாடு செய்தார்கள்.

"திங்கக்கிழமை ஆறு மணிக்கு நம்ம வண்டி கேட்டுல நிக்கணும். நிக்கலேன்னா அந்த ஆளையே வச்சுக்குவாங்க" என்று மகளிடம் சொன்னார். சொன்ன கையோடு போனில் வீடியோ பார்த்து, வீட்டுக்குப் பின்னால் தகர ஷெட்டில் இன்ஜினை அவரே பிரித்துப் போட்டுவிட்டார்.

சனிக்கிழமை காலை, சாப்பிட்டுக்கொண்டே மகளுக்கு விளக்கினார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். இன்ஜினுக்கு முன்னால் மூன்று பல்சக்கரங்கள். கீழே இருப்பது பிஸ்டனை ஏற்றி இறக்கும் தண்டில் இருக்கிறது, மேலே இருப்பது வால்வைத் திறந்து மூடும் தண்டில். நடுவில் டீசல் பம்பு. மூன்றையும் ஒரே பெல்ட் சுற்றுகிறது. பிஸ்டன் மேலே வரும் நேரத்தில் வால்வு அதன் வழியில் நிற்கக் கூடாது. நின்றால் இரண்டும் மோதி வால்வு வளைந்துவிடும், இன்ஜின் காலி. அதனால் கழற்றும் முன்பே ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு பல்லின் மேல் ஒயிட்னரால் புள்ளி வைத்திருக்கிறாராம். திரும்ப மாட்டும்போது புள்ளி பழைய இடத்துக்கு நேராக வந்தால் டைமிங் சரி. கேட்கும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. துணியில் சாக்குக் கட்டியால் அடையாளம் போடுகிற வேலைதானே இது.

மகள் மருந்துக் கடை வேலைக்குப் போனாள். மருமகன் ஒழுகலை அடைக்கப் புது ஆயில் சீல் வாங்கக் கிளம்பினார். நான் ஷெட்டை எட்டிப் பார்த்தேன். பழைய பேப்பர் மேல் போல்ட்டும் நட்டும் பல்சக்கரங்களும் கரிய பிசுக்கோடு கிடந்தன. எனக்குக் கை துறுதுறுத்தது. அழுக்கைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க எனக்கு வராது. ஒரு வேலையாவது செய்தோம் என்று இருக்கட்டுமே என்றும் நினைத்தேன், பொய் சொல்வானேன். தட்டில் மண்ணெண்ணெய் ஊற்றி, பிரஷ்ஷை எடுத்து, ஒவ்வொன்றாகத் தேய்த்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது.

மேல் சக்கரம் பளபளவென்று ஆன பிறகுதான் உறைத்தது. அதன் புள்ளி போய்விட்டிருந்தது. மற்ற இரண்டு சக்கரங்களை நல்லவேளை இன்னும் தொடவில்லை. தட்டில் மண்ணெண்ணெய் லேசாகப் பால் நிறத்தில் கலங்கியிருந்தது.

அப்போதே வாயைத் திறந்திருக்கலாம். போன் செய்து சொல்லியிருக்கலாம். "பரவாயில்ல அத்தை, நீங்க எதுக்கு இதெல்லாம்" என்று பூப்போல ஒரு பதில் வரும். அந்தப் பதிலை நினைத்தாலே உடம்பு எரிந்தது. ஒயிட்னர் பாட்டில் ஜன்னல் விளிம்பிலேயே இருந்தது. புள்ளி இருந்த பல் இதுதான் என்று எனக்கு நானே அடித்துச் சொல்லிக்கொண்டு, அவர் வைத்தது போலவே ஒன்றை வைத்து, ஊதிக் காயவைத்தேன்.

மருமகன் திரும்பி வந்தார். "அட, கழுவிட்டீங்களா! உங்களுக்கு எதுக்கு அத்தை சிரமம்" என்றார். நான் மண்ணெண்ணெய்த் தட்டை அவசரமாக வெளியே கொண்டுபோய்க் கொட்டினேன்.

மத்தியானம் முழுக்க ஷெட்டு வாசலில் நின்றேன். ஆயில் சீலைத் தட்டிப் பொருத்தினார், சக்கரங்களை மாட்டினார், புள்ளிகளை நேராக்கினார், பெல்ட்டைப் போட்டு இறுக்கினார். என் புள்ளியும் நல்ல பிள்ளை மாதிரி நேராக நின்றது. எனக்கோ ஒரே குழப்பம். இந்தப் பல்லா, இதற்கு அடுத்ததா, இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? சரியாகக்கூட இருக்கலாமே என்று மனசு ஒரு பக்கம் இழுத்தது. என் கண் அளவு தப்பியதில்லை என்று ஊரெல்லாம் சொன்னவள்தானே நான்.

"ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி கையால ரெண்டு சுத்து சுத்திப் பாக்கணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, கீழ்ச் சக்கரத்தின் போல்ட்டில் ஸ்பேனரை மாட்டித் திருப்பினார். முக்கால் சுற்று வந்தது. அப்புறம் நின்றுவிட்டது. மறுபடி அழுத்தினார். அசையவில்லை.

"உள்ள காத்து அழுத்தத்துல டைட்டா இருக்கு போல" என்றார். மூலையில் கிடந்த நீளமான இரும்புக் குழாயை எடுத்து ஸ்பேனரின் வாலில் செருகினார். குழாயின் நுனியில் இரண்டு கையையும் வைத்து, உடம்பின் பாரத்தை அதன்மேல் போடக் குனிந்தார்.

"வேண்டாம்! மாப்பிள்ளை, விடுங்க! கைய எடுங்க!"

நான் கத்திய கத்தலில் அவர் குழாயைக் கீழே போட்டுவிட்டார்.

"அந்த மேல் புள்ளி உங்களுது இல்ல. கழுவறப்ப அழிஞ்சுபோச்சு. நான்தான் வச்சேன். குத்துமதிப்பா வச்சேன்."

அவர் என்னைப் பார்த்தார், சக்கரத்தைப் பார்த்தார், கீழே கிடந்த குழாயைப் பார்த்தார். முகம் சிவந்தது. எட்டு மாதத்தில் நான் பார்க்காத முகம் அது.

"உங்கள யாரு கழுவச் சொன்னா? கழுவுனீங்க, சரி. அழிஞ்சா அழிஞ்சுதுன்னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே! நீங்களா ஒரு புள்ளி வச்சா? இன்னும் ஒரு அழுத்து அழுத்தியிருந்தா எல்லா வால்வும் போயிருக்கும்! இது என்ன சட்டையா, பிரிச்சுத் தைக்கறதுக்கு?"

கடைசி வார்த்தை சுருக்கென்று தைத்தது. எனக்கும் ஏறிவிட்டது.

"ஒரு வேலை செய்ய விட்டீங்களா நீங்க என்னை? எட்டு மாசமா பொம்மை மாதிரி உக்கார வச்சிருக்கீங்க. டம்ளரைக்கூடப் பிடுங்கிக்கறீங்க. கையில கெடைச்சதைக் கழுவினேன். தப்புதான். சொல்லப் பயமா இருந்துச்சு. கோவிச்சுக்குவீங்கன்னு இல்ல, கோவிச்சுக்க மாட்டீங்கன்னு!"

சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு இன்ஜினையே முறைத்துக்கொண்டு நின்றார். சமாதானம் சொல்லவில்லை. டார்ச்சை எடுத்து என் பக்கம் நீட்டினார்.

"அழுது முடிச்சாச்சுன்னா இதைப் புடிங்க. மேல் மூடியைக் கழட்டி மொதல்ல இருந்து பாக்கணும்."

பெல்ட்டைக் கழற்றி, பிஸ்டன்கள் கீழே இறங்கும்படி கீழ்ச் சக்கரத்தைக் கால் சுற்று பின்னால் திருப்பினார். மேல் மூடியை எடுத்தார். வால்வுத் தண்டின் பின் முனையில் ஒரு நீளமான வெட்டு இருந்தது. அதில் ஒரு இரும்புப் பட்டையைச் செருகினால் பட்டை மட்டமாக நிற்க வேண்டுமாம். அதுதான் கம்பெனி வைத்த கணக்காம்.

"இதையே முதல்ல செஞ்சிருக்கலாமே?"

"மூடியைக் கழட்ட சோம்பல்" என்றார் சிடுசிடுவென்று, மேல் சக்கரத்தை மெல்லத் திருப்பிக்கொண்டே. "லைட்டை இந்தப் பக்கம் காட்டுங்க. மட்டமா இருக்கா?"

"இடது பக்கம் நூலளவு தூக்கியிருக்கு."

"இப்ப?"

"இன்னும் கொஞ்சம். இன்னும் ஒரு இழை. நிறுத்துங்க."

இடைவெளி அளக்கும் மெல்லிய தகட்டைப் பட்டைக்கு அடியில் இரண்டு பக்கமும் விட்டுப் பார்த்தார். இரண்டு பக்கமும் ஒரே இடைவெளி. தலையை ஆட்டினார். கீழ்ச் சக்கரத்தை அதன் புள்ளிக்குக் கொண்டுவந்து பெல்ட்டை மாட்டியதும், என் புள்ளி எங்கே நிற்கிறது என்று இரண்டு பேரும் பார்த்தோம். மூன்று பல் தள்ளி நின்றது. நான் டார்ச்சை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன்.

இந்த முறை ஸ்பேனரால் இரண்டு சுற்று, எங்கும் முட்டாமல் வந்தது. டீசல் போகும் குழாயில் இருந்த காற்றை வெளியேற்றி, சாவியைத் திருப்பினார். வெள்ளைப் புகை கக்கியது, இருமியது, மூன்றாவது தடவை பிடித்துக்கொண்டது. திங்கட்கிழமைக்கு வண்டி உண்டு. எனக்கு முழங்கால் வலிகூட மறந்துபோயிற்று. ஆனால் உள்ளே டக் டக் டக் என்று ஒரு தட்டல் கேட்டது.

"பம்பு டீசலை ஒரு மயிரிழை முந்தி அடிக்குது" என்று அணைத்துவிட்டு, பம்பின் நட்டுகளைத் தளர்த்தினார். லேசாகத் திருப்பி இறுக்கி, மறுபடி ஸ்டார்ட் செய்து கேட்டார். போதவில்லை. மறுபடி அணைத்து, மறுபடி குனிந்தோம்.

"அத்தை, லைட்டு எங்க போகுது? கையை ஆட்டாதீங்க! பதிமூணாம் நம்பர் ஸ்பேனர் கேட்டா பத்தாம் நம்பரைத் தரீங்க, கண்ணு தெரியலையா?"

"எல்லாத்தையும் ஒரே குப்பையா போட்டு வச்சா எனக்கென்ன தெரியும்? இந்தாங்க!"

வேலை முடிந்து வந்த மகள், கைப்பையைக்கூட இறக்காமல், ஷெட்டு வாசலில் அப்படியே நின்றுவிட்டாள். என் முழங்கை வரை கரி. புடவையிலும் ஆயில்.

"என்னங்க இது?" என்றாள் அவரைப் பார்த்து. "எங்கம்மாகிட்டயா இப்படிக் கத்தறீங்க?"

அவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். பழைய முகம் திரும்பி வரப் பார்த்தது. "இல்ல, அத்தை, நீங்க போய் உட்காரு..." என்று ஆரம்பித்தார். நான் விடவில்லை.

"நீ உள்ள போடி" என்றேன் மகளிடம். "எங்களுக்கு இன்னும் வேலை முடியல."