ஐசக் சார் நடத்திய கல்விச் சுற்றுலா

மனித அறிவு நாற்காலியில் உட்கார்ந்து வளர்ந்ததல்ல. காலால் நடந்து வளர்ந்தது. இந்த மகா வாக்கியத்தைக் கிழக்குத் தாம்பரம் கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிக் கழகத்தின் ஸ்தாபகரும் செயலாளரும் பொருளாளருமான ஐசக் சார், 1968-ஆம் வருஷம் மே மாதம் ஒரு சனிக்கிழமை விடியற்காலையில், வாடகை வேனின் முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டு சொன்னார். அன்று காலால் நடக்க வேண்டியிருந்தது, அங்கத்தினர்களின் வீடுகளிலிருந்து வேன் நின்ற முக்கு வரைக்கும்தான். அதற்கே தனசிங்குக்கு மூச்சு வாங்கியது.

தனசிங் ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். கழகத்தில் ஐசக் சாருக்கு மிகவும் பிடித்த அங்கத்தினர். எதைச் சொன்னாலும் "அதுவும் சரிதான் சார்" என்பார். அவர் மனைவி ரத்தினபாய் பின்சீட்டில் ஜன்னலோரமாக அவரை உட்காரவைத்து, முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

ஐசக் சார் ஒரு உயர்நிலைப் பள்ளியில் சரித்திரம் நடத்தி, உதவித் தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவர். கழகத்தின் ஆண்டுச் சுற்றுலாவுக்கு வழிகாட்டியும் அவரே. வேறு யாரும் கேட்டதில்லை, அவரும் கொடுத்ததில்லை. தலையில் காக்கித் தொப்பி, கழுத்தில் விசில், சட்டைப் பையின் மேல் 'வழிகாட்டி' என்று சிவப்பு நூலில் தைத்த பட்டை. இவை போக இன்னொரு தகுதியும் அவருக்கு உண்டு. யுத்த காலத்தில் விமானத் தாக்குதல் வார்டனாக இருந்தபோது முதலுதவிப் பயிற்சி பெற்றுச் சான்றிதழ் வாங்கியிருந்தார். தாம்பரத்தில் குண்டு எதுவும் விழாததால் அந்தப் படிப்பைப் பிரயோகித்துப் பார்க்கச் சந்தர்ப்பம் வாய்க்கவில்லை. சான்றிதழ் மட்டும் கண்ணாடிச் சட்டத்துக்குள் வீட்டுக் கூடத்தில் தொங்கியது.

டிரைவர் பல்லாவரத்துக்காரன். பேர் சாலமோன் என்று கேட்டதும் ஐசக் சாருக்குச் சந்தோஷம்.

"ஞானத்துக்கே பேர்போன ராஜாவோட பேர் அப்பா உனக்கு."

"பேரு அப்பா வச்சது சார், கியர் பாக்ஸ் ஓனர் வச்சது. ரெண்டும் நம்ம கைல இல்ல" என்று சொல்லி சாலமோன் வண்டியை எடுத்தான்.

கேளம்பாக்கம் தாண்டி ஒரு சவ ஊர்வலம் எதிர்ப்பட்டது. ஐசக் சார் திரும்பி உட்கார்ந்து, பிணம் புதைக்கிற வழக்கத்தின் சரித்திரத்தை முதுமக்கள் தாழியிலிருந்து ஆரம்பித்தார். சாலமோன் வண்டியை ஒதுக்கிப் பறக்கவிட்டான்.

"இன்னாத்துக்கு அந்தப் பேச்சு சார்? போன மாசம் நம்ம ஸ்டாண்டு வண்டி ஒண்ணு, தெரியாம ஒரு பொணத்தை ஏத்திகினு வந்துட்சு. அப்பால ஒரு கல்யாணப் பார்ட்டி அந்த வண்டியத் தொடல. ஓனர் டிரைவர வூட்டுக்கு அனுப்பிட்டாரு. பெரிய பேஜாரு. நானெல்லாம் மூச்சு கீதான்னு பாத்துட்டுத்தான் ஆளையே ஏத்துவேன்."

வேனே சிரித்தது. எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவர் தனசிங். சிரித்து இருமி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

மகாபலிபுரத்தில் விசில் ஊதினால் கூட வேண்டும், மறுபடி ஊதினால் கலைய வேண்டும். பல்லவர்கள் ஒரு பாறையைக் குடைய எடுத்துக்கொண்ட பொறுமையை அதை விளக்குவதற்கு ஐசக் சாரும் எடுத்துக்கொண்டார். கடற்கரைக்குப் போகலாமா என்று கேட்ட ஞானஜோதி டீச்சரிடம், "கடல் எங்கேயும் போகாது, டீச்சர்" என்றார். கடல் போகவில்லை, இவர்கள்தான் அதைப் பார்க்காமலே திருக்கழுக்குன்றத்துக்குப் போனார்கள்.

ஞானஜோதி டீச்சர் கணக்கு வாத்தியார். கழகத்தில் ஐசக் சாரிடம் கேள்வி கேட்பவர் அவர் ஒருவர்தான். குன்றின் அடிவாரத்தில் நின்று, மேலே தெரிந்த சிவன் கோயிலைப் பார்த்துக் கேட்டார்: "சார், நம்ம பாதிரி ஐயர் கேட்டா சபையில என்ன சொல்றது?"

"நாம கும்பிடப் போகலையே. தினமும் உச்சி வேளையில ரெண்டு கழுகு வந்து குருக்கள் கையால பொங்கல் சாப்பிடுது. இது பறவை ஆராய்ச்சி."

தனசிங் படிகளை அண்ணாந்து பார்த்தார். வாழ்நாளில் முதல் தடவையாக ஐசக் சாருக்கு மாற்றுக் கருத்து சொன்னார்.

"நான் கீழயே இருக்கேனே சார். நெஞ்சு கொஞ்சம் கனமா இருக்கு."

"காலையில என்ன சாப்பிட்டீர்?"

"இட்லி சார்."

"வாயு. ஏறினா இறங்கிடும். எனக்கு இதெல்லாம் அத்துப்படி."

"இடது கையும் வலிக்குதுங்கறார் சார்" என்றாள் ரத்தினபாய்.

"வாயு சுத்தும்மா. அது ஒரு இடத்துல நிக்காது."

"அதுவும் சரிதான் சார்" என்றார் தனசிங். ஏறினார்.

கழுகுகள் வரவில்லை. குருக்கள் பாத்திரத்தை வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார், பிறகு கூட்டத்தைப் பார்த்தார். "இன்னிக்கு வராது போலிருக்கு. கூட்டத்துல யாரோ தோஷம் பண்ணினவா இருக்கா" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். வந்திருந்த மற்றவர்கள் ஒருவரையொருவர் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டே இறங்கினார்கள். ஐசக் சார் மட்டும் அசையவில்லை. சுற்றறிக்கையில் கழுகு வரும் என்று அவர் கையெழுத்துப் போட்டிருந்தார். விஞ்ஞானத்துக்குப் பொறுமை வேண்டும் என்று கழகத்தைக் கொதிக்கும் பாறையில் உட்காரவைத்தார். வெகுநேரம் கழித்து ஒரு காக்கை வந்தது. அதன் பிறகுதான் விசில் ஊதினார்.

தனசிங்கை இரண்டு பேர் கைத்தாங்கலாக இறக்கினார்கள். அடிவாரத்து மண்டபத்தின் நிழலில் உட்கார்ந்தவர் அப்படியே சரிந்தார். உடம்பெல்லாம் வேர்த்து, வேர்வை சில்லிட்டு, முகம் சாம்பலாகிவிட்டது. ரத்தினபாய் உலுக்கினாள். அவர் கண் திறக்கவில்லை.

"விலகுங்க, காத்து வரட்டும்." ஐசக் சார் மண்டியிட்டார். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் காத்திருந்த சந்தர்ப்பம் இது. தனசிங்கின் கையை எடுத்தார், பிடித்தார், தம்முடைய கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மண்டபமே மூச்சை அடக்கிக்கொண்டது. முள் ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. ஐசக் சார் அந்தக் கையைத் தனசிங்கின் மார்பின்மேல் பக்குவமாக வைத்துவிட்டு, தொப்பியைக் கழற்றினார்.

"நம் சகோதரரைக் கர்த்தர் அழைத்துக்கொண்டார்."

"மூக்குல விரலை வச்சுப் பாத்தீங்களா சார்?" என்று கேட்டார் ஞானஜோதி டீச்சர்.

"டீச்சர், நான் சர்டிபிகேட் வாங்கினவன்."

டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஐசக் சார் குறுகிய ஜெபம் ஒன்று செய்தார். நின்றுகொண்டு செய்த ஜெபத்தில் ஒரு தவறும் சொல்ல முடியாது. எல்லாரும் ஆமென் சொன்னார்கள்.

ரத்தினபாய் அழக்கூட மறந்து ஐசக் சாரின் காலைப் பிடித்துக்கொண்டாள். "சார், பெரியாஸ்பத்திரிக்கு மட்டும் கொண்டுபோகாதீங்க. எங்க அண்ணனை அறுத்து, சாக்குல சுத்திக் குடுத்தாங்க. இவரை முழுசா வீட்டுக்குக் கொண்டுபோயிடணும் சார்."

"என் பொறுப்பு" என்றார் ஐசக் சார். அந்தக் கணத்தில் அவர் உண்மையிலேயே பெரிய மனிதராகத்தான் உணர்ந்தார். பொணம் என்று தெரிந்தால் சாலமோன் வண்டியை எடுக்கமாட்டான். போலீஸ், ஆஸ்பத்திரி, அறுவை என்று போகும். ஆகவே தாம்பரம் போய்ச் சேரும்வரை தனசிங் தூங்குகிறார். இது கழகத்தின் தீர்மானம். யாரும் ஆட்சேபிக்கவில்லை.

ரேடியேட்டருக்குத் தண்ணீர் கொண்டுவரப் போயிருந்த சாலமோன் திரும்புவதற்குள் தனசிங்கைப் பின்சீட்டில் ஏற்றி நடுவில் உட்காரவைத்தார்கள். ஒரு பக்கம் ரத்தினபாய், மறுபக்கம் ஐசக் சார். முகம் தெரியாமலிருக்கக் காக்கித் தொப்பியைத் தனசிங்கின் மூக்குவரை கவிழ்த்து, கழுத்தில் துண்டைச் சுற்றினார்கள்.

"இன்னா சார், பெரியவரு சாஞ்சிட்டாரு?"

"வெயில். தூங்கறார். நீ ஓட்டு."

ரத்தினபாய்க்கு அடக்க முடியவில்லை. வேன் நகர்ந்ததும் தொண்டையிலிருந்து ஒரு கேவல் கிளம்பியது. சாலமோன் கண்ணாடியில் பார்த்தான். ஐசக் சார் உடனே ஒரு கீர்த்தனையை எடுத்துவிட்டார். கழகம் சேர்ந்துகொண்டது. சந்தோஷமான கீர்த்தனை, எல்லாருக்கும் மனப்பாடமாகத் தெரிந்தது அதுதான்.

செங்கல்பட்டு நெருங்கியபோது சாலமோன் வேகத்தைக் குறைத்தான்.

"சார், எனக்கு மனசு ஒப்பல. காலைலயே பாத்தேன், பெரியவரு மூஞ்சி சரியில்ல. தோ, பெரிய ஆஸ்பத்திரி வந்துட்சு. வாசல்லயே வுடறேன். ஒரு ஊசி போட்டுகினு போய்டலாம்."

பாட்டு நின்றது. ரத்தினபாயின் விரல்கள் தனசிங்கின் துண்டை இறுக்கிக்கொண்டன. எல்லாரும் ஐசக் சாரைப் பார்த்தார்கள்.

"உன்னை வண்டி ஓட்டத்தான் அமர்த்தியிருக்கு. வைத்தியம் பார்க்க இல்லை."

"நீ பெரிய மன்சன், சொல்லிட்ட. எனக்கு இன்னா" என்று சாலமோன் கியரை மாற்றினான். ஆஸ்பத்திரியின் கேட்டும், கேட்டுக்கு வெளியே இளநீர் விற்றவனும், வேப்பமரமும் ஜன்னலில் வந்து போயின.

சிங்கப்பெருமாள் கோயிலுக்கு அருகில் தனசிங்கின் கை ஐசக் சாரின் சுட்டுவிரலைப் பிடித்தது.

வண்டி குலுங்கியதால் பட்ட கையல்ல. குழந்தை பிடிப்பதுபோல வந்து, சுற்றி, பிடித்தது. ஐசக் சார் முன்சீட்டின் முதுகைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் முட்டாள் அல்ல. என்ன நடக்கிறதென்று அவருக்கு விளங்கிவிட்டது. அதோடு கூடவே வேறு சிலதும் விளங்கின. இப்போது வண்டியைத் திருப்பச் சொன்னால், திருப்பி எங்கே போவது? செங்கல்பட்டுக்கு. ஏன் அப்போதே போகவில்லை? கழகம் ஆமென் சொன்ன ஜெபத்தை என்ன செய்வது? ஞானஜோதி டீச்சர் என்ன சொல்வார்? அந்த அம்மாள் பெரிதாக ஒன்றும் சொல்லமாட்டார், மூக்குக்கண்ணாடியைத் துடைப்பார். அதுதான் தாங்காது. தாம்பரம் ஒன்றும் தூரமில்லை, அங்கேயும் டாக்டர்கள் இருக்கிறார்கள், வீட்டுக்குப் போனதும் ஒரு அற்புதம்போல அதைக் கண்டுபிடித்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. பைபிளில் லாசருகூடச் செத்து நாலு நாள் பிந்தித்தானே எழுந்தான்.

"சார்," என்று ரத்தினபாய் காதோரம் கிசுகிசுத்தாள். "கை அசைஞ்ச மாதிரி இருந்தது சார்."

"தசை இறுகும்மா. சாவுக்கு அப்புறம் அப்படித்தான். புஸ்தகத்துலயே இருக்கு."

அவள் நம்பினாள். படித்தவர் சொன்னார். அவள் குனிந்து, முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

கூடுவாஞ்சேரியில் தொப்பிக்கு அடியிலிருந்து ஒரு முனகல் வந்தது. ஐசக் சார் அடுத்த கீர்த்தனையை உச்ச ஸ்தாயியில் எடுத்தார். வண்டலூர் வரை மூச்சுவிடாமல் பாடினார்கள். பெருங்களத்தூரில் அவர் விரலைப் பிடித்திருந்த கை தளர ஆரம்பித்தது. அவர் அதைத் தம்முடைய மறுகையால் பொத்திக்கொண்டார்.

தாம்பரம் ரயில்வே கேட் மூடியிருந்தது. சாலமோன் இன்ஜினை அணைத்தான். கீர்த்தனைகள் தீர்ந்துபோயிருந்தன. மின்சார ரயில் வந்து, போய், சத்தம் அடங்கியது. அந்த நிசப்தத்தில், பின்சீட்டின் நடுவில், யாரோ ஈரத் துணியைக் கிழிப்பதுபோல ஒரு மூச்சு இழுத்தது. எல்லாருக்கும் கேட்டது.

சாலமோன் திரும்பினான். "யோவ், அவருக்கு மூச்சு இழுத்துகினு கீது. இன்னாய்யா பாட்டுப் பாடிகினு வரீங்க?"

ஞானஜோதி டீச்சர் எழுந்து வந்து தொப்பியை எடுத்தார். தனசிங்கின் வாய் திறந்து மூடியது. கண் பாதி திறந்திருந்தது, யாரையும் பார்க்கவில்லை. ரத்தினபாய் போட்ட கூச்சலில் கேட்காரன் ஓடிவந்தான். சாலமோன் ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் வண்டியைப் பின்னால் எடுத்துத் திருப்பி, மார்க்கெட் தெருவில் ஒரு டாக்டர் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினான். மத்தியானத் தூக்கத்திலிருந்து எழுந்து வந்த டாக்டர், சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார். இரண்டு இடத்தில் வைத்தார். மூன்றாவது இடத்தில் வைக்கவில்லை.

"இப்பதான் போயிருக்கு."

ரத்தினபாய் தரையில் உட்கார்ந்தாள். இரண்டாவது தடவையாக விதவையாகியிருந்தாள். இந்தத் தடவை அழவில்லை. "முழுசாக் கொண்டுவந்துட்டீங்க சார்" என்று மட்டும் சொன்னாள். அதில் குத்தல் இருந்ததா என்று ஐசக் சாருக்குத் தெரியவில்லை.

"எப்போ விழுந்தார்?" என்று டாக்டர் கேட்டார்.

"திருக்கழுக்குன்றத்துல" என்றார் ஞானஜோதி டீச்சர்.

"அங்கேயிருந்து செங்கல்பட்டு வழியாத்தானே வந்தீங்க?"

வாசலில் சாலமோன் காறித் துப்பினான்.

"முடிஞ்சு போச்சுன்னு ஐசக் சார் நாடி பாத்துச் சொன்னாங்க. அதனாலதான்" என்றார் டீச்சர்.

டாக்டர் நிதானமானவர். கோபப்படவில்லை. தம்முடைய கையை நீட்டினார். "எப்படிப் பாத்தீங்கன்னு காட்டுங்க சார்."

ஐசக் சார் காட்டமாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் முப்பது வருஷம் பையன்கள் முன்னால் நின்ற மனிதர். தெரியாது என்று எங்கேயும் ஒப்புக்கொண்டதில்லை. கனைத்துக்கொண்டு முன்னால் வந்தார். கழகம் மொத்தமும் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. டாக்டரின் மணிக்கட்டைப் பிடித்தார், விரல்களை வைத்தார், கடிகாரத்தைப் பார்த்தார்.

அவர் விரல்களை வைத்திருந்தது நாடி ஓடுகிற உள்பக்கத்தில் அல்ல, மணிக்கட்டின் மேல்பக்கத்தில், வாட்ச் முகப்பு இருக்கிற இடத்தில்.