பக்கத்து சீட் பக்கம்

காரின் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்து மேலே ஒரு தூக்குத் தூக்கி, கீழே ஒரு அமுக்கு அமுக்கினார். உள்ளே டொக்கென்று ஒரு சத்தம். பிறகு பக்கவாட்டில் ஆட்டினார். அதற்கும் டொக். அவருக்கு அது போதும். ஊரில் மற்ற மெக்கானிக்குகள் எஞ்சினில் கை வைப்பார்கள், பிரேக்கில் கை வைப்பார்கள். இவர் ஸ்டியரிங்கைத் தவிர வேறு எதையும் தொடமாட்டார். அதனால் பெற்றவர்கள் வைத்த பெயர் போய் ஸ்டியரிங்காரர் என்பதே பெயராகிவிட்டது.

"சாய்க்கிற லீவர்ல பல்லு தேஞ்சிருச்சாம் மச்சான். முழு தண்டையே மாத்தணும்னு கம்பெனி ஷெட்டுல சொன்னான்," என்றான் அவருடைய தங்கை புருஷன். கவிழ்த்துப் போட்ட டிரம் மேல் உட்கார்ந்து போனைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"அவன் கெடக்கான். பல்லு தேஞ்சா மேல கீழதான் ஆடும். இது பக்கவாட்டுலயும் ஆடுது. உள்ள போல்ட் கழண்டிருக்கு மாப்பிள்ளை."

ஸ்டியரிங்கை ஆளுக்குத் தக்கபடி மேலும் கீழும் சாய்த்துக்கொள்ளும் வண்டி அது. ஸ்டியரிங் சக்கரத்துக்குக் கீழே தண்டு ஒரு மணிக்கட்டு போல மடங்கும். அந்த மணிக்கட்டை நாலு போல்ட் பிடித்திருக்கும். இறங்கும்போதும் ஏறும்போதும் சக்கரத்தைப் பிடித்துத் தொங்குகிற கனத்த ஆசாமிகளின் வண்டிகளில் அது கழன்று வரும். ஓட்டுகிறவன் கதவுப் பக்கத்து இரண்டு போல்ட்தான் முதலில் தளரும். இத்தனை வருஷத்தில் அவர் பார்த்ததெல்லாம் அப்படித்தான். மாப்பிள்ளையோ ஒல்லி. காற்றடித்தால் கதவைப் பிடித்துக்கொள்கிற உடம்பு.

"தங்கச்சி எப்படி இருக்கா?" என்று கேட்டார், பேட்டரி ஒயரைக் கழற்றியபடி.

"இருக்கா. போன வாரம் படியில வழுக்கி விழுந்துட்டா. நெத்தியில லேசா வீக்கம்."

ஸ்டியரிங்காரர் இன்னொரு ஒயரையும் கழற்றினார். அந்தப் படி அவருக்குப் பழகிய படி. முதல் தடவை உதடு கிழிந்து வந்தாள். அடுத்த தடவை மணிக்கட்டில் கட்டுப் போட்டு வந்தாள். மூன்றாவது தடவை பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள். மூன்று தடவையும் ஒரு நாள் வைத்திருந்து, மறுநாள் காலையில் தன் பைக்கிலேயே ஏற்றிக்கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். பெண் கொடுத்த இடம். முதல் இரண்டு தடவை மாப்பிள்ளை போட்டுக் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, "கொஞ்சம் பாத்து நடந்துக்கங்க," என்று சொல்லிவிட்டு வந்தார். கோபம் வந்தால் கையில் கிடைத்ததை எடுத்து அடிக்கிற மனிதர் ஸ்டியரிங்காரர். ஒருமுறை பணம் தராமல் ஏமாற்றிய ஒருவனின் தோள் எலும்பை உடைத்தவர். அந்த வீட்டு வாசலில் மட்டும் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

ஹாரன் மூடியைக் கழற்றினார். நடு நட்டைக் கழற்றி, சக்கரத்தை இழுத்தெடுக்கும் புல்லரை மாட்டித் திருகியதும் சக்கரம் கையோடு வந்தது. பூட்டுத் தகட்டையும் இண்டிகேட்டர் சுவிட்சையும் எடுத்து ஓரம் வைத்தார். இரண்டு பக்கமும் மணிக்கட்டைக் கோத்திருந்த பின்களை உருவினார். தலைப்பகுதி மொத்தமாகக் கழன்றதும் டார்ச்சை அடித்துக் குனிந்தார்.

கதவுப் பக்கத்து இரண்டு போல்ட்டும் கல்லு மாதிரி இறுக்கமாக இருந்தன. பக்கத்து சீட் பக்கத்து இரண்டும் விரலால் திருகினாலே சுற்றின. அது அவர் கண்ணில் பட்டது. ஆனால் அதைப் பற்றி யோசிக்கும் முன்னால் இன்னொன்று கண்ணில் பட்டது. லீவரின் அடியில், ஸ்பிரிங்கைச் சுற்றி, கறுப்பாக ஏதோ சிக்கியிருந்தது. குறட்டால் பிடித்து இழுத்தார். வந்துகொண்டே இருந்தது. முழ நீளத் தலைமுடி, ஒரு கொத்து. வேரோடு பிடுங்கப்பட்ட முடி. வேர் நுனியில் காய்ந்த ரத்தம் துருப்போல ஒட்டியிருந்தது.

அந்தத் தலைக்குச் சின்ன வயதில் அவர்தான் சீவிவிட்டார். அம்மா வேலைக்குப் போனபிறகு, பள்ளிக்கூட மணி அடிக்குமுன் ஒரு கோணல் பின்னல்.

"இது என்ன மாப்பிள்ளை?"

மாப்பிள்ளை போனிலிருந்து தலையைத் தூக்கினான். ஒரு விநாடி முகம் மாறியது. பிறகு சிரித்தான். "அவ முடி எங்கதான் இல்ல மச்சான். சோத்துலகூடத்தான் கெடக்கு."

சிரித்து முடிக்க அவனுக்கு நேரம் கிடைக்கவில்லை. ஸ்டியரிங் சக்கரம் வாயில் விழுந்தது. டிரம் உருண்டது. கீழே விழுந்தவனைச் சட்டையைப் பிடித்துத் தூக்கி, வண்டிக் கதவில் ஒரு முறை மோதினார். இன்னொரு முறை மோதினார். மூக்கு உடைந்த சத்தம் இருவருக்கும் கேட்டது. அவன் கை தற்செயலாக ஒரு ஸ்பேனரைப் பிடித்து இவர் காதோரம் வீசியது. கன்னத்தில் ரத்தம் வழிந்தது. அது அவருக்கு உறைக்கவே இல்லை. சந்தோஷமாக இருந்தது என்றுகூடச் சொல்லலாம். எத்தனை வருஷத்து டீ அது.

இழுத்துக்கொண்டுபோய் மேஜையில் பொருத்தியிருந்த வைஸின் இரண்டு இரும்புத் தாடைகளுக்கு நடுவே அவன் வலது கையை வைத்து, பிடியைத் திருகினார்.

"இந்தக் கையாலதானே தலையப் புடிச்சு இடிச்ச?"

"நான் புடிக்கலன்னா எல்லாரும் செத்திருப்போம் மச்சான். உண்மையாச் சொல்றேன். விடுங்க."

அரைச் சுற்று. அவன் முழங்காலில் விழுந்தான். இன்னும் அரைச் சுற்று. போல்ட்டை எத்தனை சுற்று இறுக்கினால் எது நொறுங்கும் என்று அவர் கைக்குத் தெரியும். இன்னும் கால் சுற்று பாக்கியிருந்தது.

"அண்ணா."

தங்கை ஷட்டருக்கு உள்ளே நின்றிருந்தாள். வேலை செய்கிற இடத்திலிருந்து மதியம் அனுமதி கேட்டு, வண்டியை எடுத்துக்கொண்டுபோய்ப் பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டிவர வந்திருந்தாள். நெற்றி வீக்கம் பச்சையாகிக் கண்ணுக்கு இறங்கியிருந்தது. காதுக்கு மேலே ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு முடி இல்லை. அவள் புருஷனைப் பார்த்துக் கத்தவுமில்லை, ஓடிவரவுமில்லை. கழன்று கிடந்த வண்டியைப் பார்த்தாள்.

"கைய விடு அண்ணா. ஸ்டியரிங்க ஒடச்சது அவரு இல்ல. நான்தான்."

ஸ்டியரிங்காரருக்குப் புரியவில்லை.

"போன வாரம் வண்டியில போகும்போது எதுக்க லாரி வந்துச்சு. வீட்டுல இருந்து கெளம்பும்போதே என்னை அடிச்சாரு. வண்டியிலயும் நிறுத்தல. நான் பக்கத்துல இருந்து ஸ்டியரிங்கப் புடிச்சு லாரிப் பக்கம் இழுத்தேன். பலங்கொண்ட மட்டும் இழுத்தேன். அப்பதான் முடியப் புடிச்சாரு, தலைய இடிச்சாரு. நான் விடவே இல்ல."

வைஸில் கை சிக்கியவன் மூச்சு வாங்கினான். 

"அப்புறம் பின்னால பாப்பா தூக்கத்துல இருமுனா. அதுக்கப்புறம்தான் இந்தப் பக்கம் திருப்புனேன். நான்தான் திருப்புனேன், அவரு இல்ல."

பக்கத்து சீட் பக்கத்து இரண்டு போல்ட். வண்டி முதலிலேயே சொல்லியிருக்கிறது. ஊருக்கெல்லாம் ஸ்டியரிங்கைப் பார்த்தே ஓட்டுகிறவன் ஜாதகத்தைச் சொல்கிறவர், இதில் முடியைப் பார்த்ததும் மற்றதை விட்டுவிட்டார்.

"ஏம்மா அப்படிச் செஞ்ச?" என்று கேட்டார். கேட்ட உடனேயே கேட்டிருக்கக் கூடாது என்று தோன்றியது.

"வேற எங்க போறது? மூணு தடவ வந்தேன். மூணு தடவையும் நீதான் கொண்டுபோய் விட்ட. கடைசித் தடவ பைக்க ஆஃப்கூடப் பண்ணல நீ."

வைஸை எதிர்ப்பக்கம் திருகினார். கை வெளியே வந்தது. இரண்டு விரல்கள் நீலமாக, போகக்கூடாத பக்கம் போயிருந்தன. மாப்பிள்ளை அதை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தான். "ரெண்டு பேரையும் உள்ள வைக்கிறனா இல்லையான்னு பாரு," என்று உடைந்த வாயால் சொன்னான். ஷட்டரில் இடித்துக்கொண்டு, வெயிலில் இறங்கி, ஆட்டோவைக் கூப்பிட்டபடி போனான். அண்ணனும் தங்கையும் அவனைத் தடுக்கவில்லை.

ஸ்டியரிங்காரர் கன்னத்தை எண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டு வண்டிக்குள் உட்கார்ந்தார். வேறென்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. போல்ட்டுகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். மரையில் இருந்த பழைய அழுக்கைக் கம்பி பிரஷால் தேய்த்தார். சின்னக் குப்பியிலிருந்து மரைக்குப் போடும் பசையை ஒவ்வொரு சொட்டாக விட்டு, நாலையும் உட்கார வைத்து இறுக்கினார். ஒரு பின் இரண்டு முறை கீழே விழுந்தது. தங்கை குனிந்து எடுத்துக் கொடுத்தாள். தகடு, சுவிட்ச், சக்கரம், நட்டு, ஹாரன் மூடி, பேட்டரி ஒயர். கடைசியில் சக்கரத்தில் ஒட்டியிருந்த மாப்பிள்ளையின் ரத்தத்தைத் துடைத்தார்.

அவர் இறங்க, அவள் ஓட்டுகிற சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். இரண்டு கையாலும் பிடித்து மேலே தூக்கிப் பார்த்தாள். பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்தாள். சத்தமில்லை.

"இனிமே ஆடாதுல்ல?"

"ஆடாது."

"எவ்வளவு இழுத்தாலும்?"

அவர் எண்ணெய்த் துணியால் வாயைத் துடைத்துக்கொண்டார். பொறுத்துப் போ என்று சொல்ல மூன்று தடவையும் வார்த்தை வந்த வாய் அது.

"அந்தப் பசை காயணும்மா," என்றார். "ஒரு நாள் முழுசா ஆகும். அதுவரைக்கும் எடுக்கக் கூடாது. வண்டி இங்கயே நிக்கட்டும். நீயும் இரு. பள்ளிக்கூடம் விட்டதும் பாப்பாவ நான் பைக்ல போய்க் கூட்டிட்டு வரேன். இங்கயே இருங்க ரெண்டு பேரும்."

"ஒரு நாளா?"

"ஒரு நாள் இல்ல. எவ்வளவு நாளானாலும்."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு பக்கத்து சீட்டில் கிடந்த பசைக் குப்பியை எடுத்து, கண்ணுக்குக் கிட்டே வைத்து, லேபிளில் இருந்த பொடி எழுத்தைப் படித்தாள். அரைமணி நேரம் போதும் என்று அதில் போட்டிருந்தது அவருக்குத் தெரியும். படித்து முடித்து, மூடியைத் திருகி, குப்பியை இருந்த இடத்திலேயே வைத்தாள். 

ஸ்டியரிங்காரர் நடந்துபோய் வண்டிக்கு நேர் எதிரே, ஷட்டர் வாசலில் நின்றுகொண்டார். கண்ணாடிக்குப் பின்னால் அவள் உட்கார்ந்திருந்தாள். ஒரு கை ஸ்டியரிங் மேல் இருந்தது. இன்னொரு கை சாவி மேல் இருந்தது. அவள் அதைத் திருப்பவுமில்லை, எடுக்கவுமில்லை.