கழுத்துவரை அடித்த முளை

மதியத்துக்குள் இடத்தைக் காலி செய்யாவிட்டால் கூடாரத்தோடு சேர்த்து வாரிவிடுவதாக மண்வாரி இயந்திரக்காரர் காலையிலேயே சொல்லிவிட்டுப் போயிருந்தார். நல்ல மனுஷன்தான், சொல்லவாவது செய்தார். அப்போது மண்டியிட்ட பெயிண்டர் இன்னும் கூடாரத்தின் முதல் முளையைப் பிடுங்கத்தான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.

வீடு இடிந்தபின் அவனுக்கும் மனைவிக்கும் கிடைத்தது இந்தக் கூடாரமும் பாறைத் தரையும்தான். கூடாரத்தோடு வந்த முளைகள் முதல் அடியிலேயே வளைந்துபோயின. மனைவியின் தம்பி வெல்டர். கட்டடக் கம்பியை வெட்டி, முனையைக் கூராக்கி, தலையில் வளையம் பற்றவைத்து ஆறு முளைகள் கொண்டுவந்தான்.

"யானை கட்டப் போறோமா மாப்ள?" என்று பெயிண்டர் கிண்டலடித்தான்.

மறுநாள் காற்றில் பக்கத்துக் கூடாரங்கள் பறந்தன. இது மட்டும் நின்றது. சும்மா இருந்திருக்கலாம். பயந்துபோய் ஆறையும் கழுத்துவரை அடித்து இறக்கினான். அந்தப் பயம்தான் இப்போது வினையாக வந்து நின்றது.

கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிடலாம். ஆனால் போகிற இடமும் பாறைதான். இந்த முளைகள் இல்லாமல் அங்கே கூடாரம் நிற்காது. உள்ளே, தொப்புள்கொடிகூட உதிராத பிள்ளை.

தம் பிடித்து மேல்நோக்கி இழுத்தான். வளையம் பிய்ந்து கையோடு வந்தது. முளை உள்ளேயே கிடந்தது. தூரத்தில் இயந்திரம் உறுமத் தொடங்கியது. பெயிண்டர் வாய்விட்டு அழுதான்.

மைத்துனன் கொடுத்தபோது சொன்னது அப்புறம்தான் உறைத்தது: "நேரா இழுக்காதீங்க மாமா. போன வழியிலயே வரணும்."

அடுத்த முளையின் தலையை இடமும் வலமும் தட்டினான். வளைந்த பழைய முளையொன்றை வளையத்தில் கோத்துப் பிடியாக்கி, இறங்கிய சாய்விலேயே திருகி இழுத்தான். பாறை முனகிக்கொண்டே விட்டுக்கொடுத்தது. உள்ளங்கை கிழிந்தது. ஐந்தும் வந்து சேர்ந்தபோது இயந்திரம் பக்கத்தில் வந்து நின்று, கொஞ்சம் பொறுத்திருந்தது.

புது இடம் மேடு. காற்று இன்னும் பலம். இடுக்கு தேடித் தேடி ஐந்தையும் பாதிவரை அடித்தான். அதோடு சுத்தியலைக் கீழே வைத்துவிட்டான்.

"ஏங்க நிறுத்திட்டீங்க?" என்றாள் மனைவி.

"இங்கேருந்தும் போகச் சொன்னா? மறுபடி என்னால புடுங்க முடியாதும்மா."

காற்று கூடாரத்தின் ஒரு பக்கத்தைத் தூக்கிப் போட்டது. அவள் பிள்ளையை அவன் மடியில் வைத்துவிட்டுச் சுத்தியலை எடுத்தாள்.

"இன்னிக்குப் புள்ள தூங்கட்டும்" என்றாள்.

கழுத்துவரை அடித்தாள்.